பக்கவாட்டு முகத்துக்குக் கோடு, இருட்டுக்கு மெஸ்ஸோடின்ட்

பழைய ஐரோப்பிய உருவப்பட அச்சுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். பக்கவாட்டில் திரும்பிய முகம், அதாவது ஒரு கண், ஒரு காது, நெற்றியிலிருந்து தாடை வரை ஓடும் ஒரு வளைவு என்று இருக்கும் படங்களில் பெரும்பாலானவை செப்புத் தகட்டில் உளியால் கோடு வெட்டி எடுத்தவை. அடர்ந்த கறுப்பிலிருந்து முகம் மெல்ல வெளிச்சத்துக்கு வரும் மெஸ்ஸோடின்ட் என்ற இன்னொரு செப்புத் தகட்டு முறைப் படங்களிலோ ஆள் முக்கால்வாசி நம் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அந்தந்தக் காலத்து ஃபேஷன் என்று இதை விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபேஷனும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் தகட்டின் மேல் வேலை எப்படி நடக்கிறது என்பதில் இருக்கிறது.

உளியால் கோடு வெட்டும் செதுக்கு அச்சிலிருந்து ஆரம்பிப்போம், அதுதான் மூத்தது. செப்புத் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பியூரின் என்கிற கூர்முனை எஃகு உளியை உள்ளங்கையில் பொருத்தித் தள்ளிக்கொண்டே போவார்கள். பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிறவரை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம், அவர் தட்டித் தட்டிப் புள்ளிகளைச் சேர்த்து எழுத்தை உண்டாக்குவார். பியூரினில் தட்டுவதே கிடையாது, ஒரே சீரான தள்ளல்தான். வளைவு வந்தால் உளி பிடித்த கை திரும்பாது. தோல் மெத்தையின் மேல் வைத்திருக்கும் தகட்டை இன்னொரு கை மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். உளி சுருள் சுருளாகச் செம்பை வழித்தெடுத்துக்கொண்டு போகிற இடத்தில் ஒரு பள்ளம் விழும். லேசாக அழுத்தினால் மயிரிழைக் கோடு, கொஞ்சம் ஆழமாகப் போனால் தடித்த கோடு, கையை எடுக்கும் இடத்தில் ஊசிமுனை மாதிரி ஒடுங்கி முடியும். பள்ளத்தின் ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டி எடுத்துவிட்டு, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளை எந்திரத்தில் விட்டு அழுத்தினால், பள்ளத்தில் தங்கிய மை காகிதத்துக்கு வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே கோடு போகப் போகத் தடிக்கவும் மெலியவும் முடியும் என்பதுதான். பக்கவாட்டு முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. நெற்றியில் வெளிச்சம் படும் இடத்தில் கோடு கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்று இருக்கும், மூக்கு நுனிக்குக் கீழே சட்டென்று கனக்கும், உதட்டுக்கு நடுவே ஒரு அழுத்தம், தாடைக்கடியில் மறுபடியும் தடிமன். அந்த ஒற்றைக் கோட்டிலேயே ஆள் யார் என்பது தெரிந்துவிடும், கன்னத்தில் போடும் நிழலெல்லாம் அதற்குப் பிறகு வரும் உபரி.

பக்கவாட்டு முகத்தின் பூர்வீகம் நாணயம். ரோமானியப் பேரரசர்களின் காசுகளைத் தோண்டியெடுத்துச் சேகரிக்கும் மோகம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிடித்துக்கொண்டது. அந்த மோகத்தில்தான் பிசனெல்லோ என்ற ஓவியர் 1438 வாக்கில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானுக்கு ஒரு பதக்கம் வார்த்தார். கூரான தொப்பியும் ஆட்டுத்தாடியுமாக, பக்கவாட்டில். அதற்கப்புறம் இத்தாலியச் சிற்றரசர்கள் எல்லாருக்கும் அப்படி ஒன்று வேண்டியிருந்தது. அர்பினோ கோமகன் ஃபெடரிகோவுக்கு மட்டும் வேறு காரணமும் இருந்தது, குதிரைமேல் ஈட்டிச் சண்டையில் வலது கண் போய்விட்டது, ஆகவே ஓவியரிடம் எப்போதும் இடது பக்கத்தைத்தான் காட்டினார். பதக்கத்தில் இருப்பவர் நம்மைப் பார்ப்பதில்லை. அரசனுக்கும் பேரறிஞனுக்கும் அது ஒரு தோரணையைக் கொடுத்தது, நாம் அவரைப் பார்க்கலாம், அவர் நம்மைப் பொருட்படுத்த மாட்டார்.

இந்தத் தோரணை செப்புத் தகட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு நல்ல உதாரணம் ஜெர்மானிய ஓவியர் லூகாஸ் கிரானாக் 1521இல் வெட்டிய, கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் படம். முந்தைய வருஷம்தான் லூதரை மொட்டைத்தலைத் துறவியாக, முக்கால் முகமாக வெட்டியிருந்தார். இந்தத் தடவை முனைவர் தொப்பி போட்டு, முழுப் பக்கவாட்டில். கீழே லத்தீனில் இரண்டு வரி: லூதரின் அழியக்கூடிய உருவம்தான் லூகாஸின் வேலை, மனத்தின் அழியாத உருவத்தை லூதரே வரைந்துகொள்கிறார் என்கிற பொருளில். கூடவே கிரானாக்கின் முத்திரையான சிறகு முளைத்த பாம்பு.

இந்தத் தகட்டின் அச்சுகள் இரண்டு நிலைகளில் கிடைக்கின்றன, அதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். முதல் நிலையில் முகத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் காகிதம். நெற்றி மேடு, புருவத்துக்குக் கீழே உள்வாங்கும் பள்ளம், அப்புறம் மூக்கு, இறுகிய வாய், தடித்த தாடை எல்லாவற்றையும் ஒரு கோடுதான் தாங்கி நிற்கிறது. இரண்டாவது நிலையில் அதே தகட்டை எடுத்து, பின்னணி முழுவதும் நெருக்கமாகக் கோடுகள் வெட்டி இருட்டாக்கியிருக்கிறார். முகத்தில் பெரிதாக எதையும் மாற்றவில்லை, ஆனாலும் ஆளே மாறிவிட்டார். முதல் நிலையில் காகிதத்தின் மேல் வரைந்த முகம். இரண்டாவதில் கறுப்புக்கு முன்னால் புடைத்து நிற்கும் வெள்ளை முகம், கிட்டத்தட்ட பதக்கம். விளிம்புக் கோடு இப்போது கோடாகவே தெரிவதில்லை, வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்கும் இடம் என்றுதான் தெரிகிறது. எது நல்லது என்று கேட்டால் நான் முதல் நிலையைத்தான் சொல்வேன், அதில் உளியின் துணிச்சல் தெரிகிறது. ஆனால் 120 வருஷம் கழித்து மெஸ்ஸோடின்ட் என்ன செய்யப் போகிறது என்பதன் முன்னோட்டம் இரண்டாவது நிலையில் இருக்கிறது.

இரண்டே வருஷத்தில், 1523இல், இன்னொரு ஜெர்மானிய ஓவியரான டூரர் பிராண்டன்பர்க் கார்டினல் ஆல்பிரெக்டைப் பக்கவாட்டில் வெட்டினார். இரட்டைத் தாடை, சதை போட்ட கழுத்து, ஒன்றையும் மறைக்கவில்லை. முக்கால் முகமாக இருந்தால் நிழலில் கொஞ்சம் ஒளித்துவைக்கலாம், பக்கவாட்டில் அதற்கு வழியில்லை. டூரர் தகட்டையும் கூடவே 500 அச்சுப் பிரதிகளையும் கார்டினலுக்கு அனுப்பிவைத்தார். இந்த 500 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு வெட்டிய செப்புத் தகடு அத்தனை பிரதிகளை அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கும், ஆயிரங்களுக்கும் தாங்கும், மெல்லிய கோடுகள் முதலில் மங்கும், அவற்றை மறுபடி உளி விட்டு ஆழப்படுத்திக்கொள்ளலாம்.

அதற்காகச் செதுக்கு அச்சில் மற்ற கோணங்கள் வராது என்று சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் ராபர்ட் நான்தெய் முக்கால் முகங்களை வெட்டிய விதத்தைப் பார்த்தால் உளியால் முடியாதது எதுவுமில்லை என்றுதான் தோன்றும். கிளாட் மெலான் 1649இல் ஒரு படி மேலே போய், கிறிஸ்துவின் நேர்முகத்தை மூக்கு நுனியில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போகும் ஒரே ஒரு சுருள் கோட்டால் வெட்டினார். கோடு தடிக்கும் இடம் நிழல், மெலியும் இடம் வெளிச்சம், குறுக்குக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. வித்தைதான். ஆனால் இதெல்லாம் உச்சத்தில் இருந்தவர்கள் செய்தது. மூக்கு நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதைக் கோடுகளால் காட்டுவது சாதாரண உளிக்காரருக்குப் பெரிய தலைவலி, பக்கவாட்டில் மூக்கு விளிம்பிலேயே வந்துவிடுகிறது, கன்னம் அகலமாக ஒரே தளமாகக் கிடக்கிறது, இணைகோடுகள் ஒரு வரிசை போட்டால் போதும்.

இப்போது மெஸ்ஸோடின்ட். இதைக் கண்டுபிடித்தவர் கைவினைஞரே அல்ல, லுட்விக் ஃபான் சீகன் என்ற ராணுவக்காரர். ஜெர்மனியின் ஹெஸ்ஸ-காசல் நாட்டை ஆண்டுகொண்டிருந்த அமேலியா எலிசபெத் சீமாட்டியின் படத்தை 1642இல் புதுமுறையில் அச்சிட்டு, ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவர் மகனுக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பினார். இதை எப்படிச் செய்தேன் என்று எந்தச் செதுக்காளராலும் ஊகிக்க முடியாது என்று அதில் ஒரு பெருமை. ரகசியம், அப்புறம், சிம்மாசனம் இழந்த அரச குடும்பத்துப் பிள்ளையான இளவரசர் ரூபர்ட்டுக்குப் போனது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் அக்கா மகனான அவர் குதிரைப்படைத் தளபதி, ஆய்வுகளில் ஆர்வம் உள்ளவர். 1658இல் அவர் செய்த தலைவெட்டியின் படம் இன்றைக்கும் இந்த முறையின் ஆரம்பகாலச் சாதனைகளில் ஒன்று. 1661இல் லண்டனில் எழுத்தாளர் ஜான் ஈவ்லினுக்குத் தன் கையாலேயே செய்து காட்டினார், ஈவ்லின் அடுத்த வருஷம் செதுக்கு அச்சு பற்றி வெளியிட்ட நூலில் இந்தப் புதுக்கலையைப் புகழ்ந்துவிட்டு, செய்முறையை மட்டும் பூடகமாக வைத்துவிட்டார். தேதியோடு கிடைக்கும் முதல் ஆங்கில மெஸ்ஸோடின்ட் 1669இல் வில்லியம் ஷெர்வின் செய்த இரண்டாம் சார்லஸ் மன்னரின் படம்.

செய்முறை செதுக்கு அச்சுக்கு நேர்த் தலைகீழ். ராக்கர் என்று ஒரு கருவி, வளைந்த விளிம்புள்ள அகலமான எஃகுத் தகடு, விளிம்பில் அங்குலத்துக்கு 50, 80, 100 என்று நுணுக்கமான பற்கள். இதைச் செப்புத் தகட்டின் மேல் வைத்து இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும். நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, மூலைக்கு மூலை ஒரு தடவை, பிறகு கோணத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும், இப்படிப் பல டஜன் திசைகளில். நாள்கணக்காகும் சலிப்பான வேலை, பட்டறையில் பெரும்பாலும் சிறு பையன்களிடமோ உதவியாளர்களிடமோதான் இதைத் தள்ளிவிடுவார்கள். முடிந்தபின் தகடு முழுக்கக் குழியும் பிசிறுமாக இருக்கும். அப்படியே மை போட்டு அச்சிட்டால் ஒரே கறுப்பு, அதுவும் மற்ற எந்த முறையிலும் கிடைக்காத ஆழமான கறுப்பு. கலைஞரின் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே பிசிறைச் சுரண்டி எடுக்கிறார், பளீரென்று வேண்டிய இடத்தில் தேய்த்து வழவழப்பாக்குகிறார். செதுக்காளர் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகிறார் என்றால் இவர் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறார்.

கோடு என்பதே இதில் கிடையாது, பக்கவாட்டு முகத்துக்குச் சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். சுரண்டி எங்கே கையை நிறுத்தினதோ அதுதான் விளிம்பு. அந்த இடம் ராக்கரின் பல்தடங்களுக்கு நடுவே இருப்பதால் கிட்டே போய்ப் பார்த்தால் துல்லியமான வெட்டாக இருக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்த ஓரமாக இருக்கும். கன்னம் இருட்டுக்குள் கரைய வேண்டும் என்றால் இது பெரிய வரம். முக்கால் முகத்தில் தூரத்துக் கன்னம், பொய்முடிச் சுருள், பட்டுச் சட்டையின் மடிப்பு, வெல்வெட் கோட்டு எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்று நழுவிப் போகிற விஷயங்கள், மெஸ்ஸோடின்டில் அவை அற்புதமாக வந்தன. இங்கிலாந்து அரசவை ஓவியர் நெல்லர் வரைந்த எண்ணெய் ஓவியங்களை ஜான் ஸ்மித் மெஸ்ஸோடின்டாக மாற்றி லண்டன் முழுக்க விற்றது இந்தப் பலத்தில்தான். அந்த ஓவியங்களில் ஆட்கள் பக்கவாட்டில் உட்காரவில்லை, அச்சிலும் அப்படியே வந்தார்கள். ஃபேஷனும் ஒரு காரணம் என்று முதலில் சொன்னது இதைத்தான். ஆனால் கோடு வேண்டும் என்கிற முகத்தை, நெற்றி மூக்கு தாடை என்று ஒரே வளைவில் அடையாளம் காட்ட வேண்டிய முகத்தை, இந்த முறைக்குக் கொடுத்தால் அதன் பலம் பாதி வீணாகிறது. வேண்டிய கூர்மைக்காகச் சிலர் மெஸ்ஸோடின்ட் தகட்டிலேயே கண்ணிமை, மூக்குத்துளை, உதட்டுக்கோடு ஆகிய இடங்களில் உளியோ அமிலமோ வைத்துக் கோடும் போட்டார்கள். ஒரே படத்துக்கு மெஸ்ஸோடின்ட் என்றும் செதுக்கு அச்சு என்றும் இரண்டு பெயரும் சேர்த்துப் பட்டியலில் எழுதியிருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் உண்மையாகவே அதில் இருக்கலாம்.

இன்னொரு சிக்கல் தேய்மானம், இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மெஸ்ஸோடின்டின் கறுப்பு மெல்லிய பிசிறில் நிற்கிறது. ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும், உருளைக்கடியில் போகும்போதும் பிசிறு கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். முதல் சில டஜன் பிரதிகள் ஜொலிக்கும், சில நூறு போனால் கறுப்பு சாம்பலாகிவிடும், அதற்குமேல் தகட்டை மறுபடி ராக்கரால் கொத்தினால்தான் உண்டு. முக்கால் முகத்தில் பின்னணி சாம்பலானால் படம் சோர்ந்து தெரியும், அவ்வளவுதான், கண்ணும் வாயும் முகத்தின் நடுவில் பத்திரமாக இருக்கின்றன. பக்கவாட்டில் அப்படி இல்லை. ஆளின் அடையாளமே முகமும் பின்னணியும் சந்திக்கும் ஓரத்தில் இருக்கிறது, பின்னணிக் கறுப்பு வெளிறினால் மூக்கும் நெற்றியும் சேர்ந்தே வெளிறும். டூரருடைய கார்டினலுக்கு 500 பிரதி ஒரு பிரச்சினையே இல்லை, மெஸ்ஸோடின்டில் அது கிட்டத்தட்ட தகட்டின் ஆயுள். மெஸ்ஸோடின்டுக்கு எஃகுத் தகடு வந்து இந்தக் கவலை குறைந்தது 1820களில்தான், அதற்குள் பக்கவாட்டு மோகமே வடியத் தொடங்கிவிட்டது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வெளிச்சம் முகத்துக்குப் பின்னால் இருந்தால் கதை மாறிவிடும். டார்பி ஊர் ஜோசப் ரைட் விளக்கொளியில் வரைந்த பெரிய ஓவியங்களை வில்லியம் பெதர் 1768இலும் வாலன்டைன் கிரீன் 1769இலும் மெஸ்ஸோடின்டாக்கினார்கள். பெதர் செய்ததில் கோள்களின் மாதிரியைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்க, விளக்கை மறைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் உருவம் வெறும் இருட்டு வடிவமாகத் தெரியும், அதன் ஓரம் மட்டும் வெளிச்சத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். வெள்ளைப் பின்னணியில் கறுத்த தலை என்றால் மெஸ்ஸோடின்டுக்கு விளிம்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் அது உருவப்படம் அல்ல. காசு கொடுத்து உட்காருகிற யாரும் தன் முகம் இருட்டாக வருவதை விரும்ப மாட்டார்.

ஆக, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை இதுதான்: இங்கிலாந்தில் மெஸ்ஸோடின்ட் கொடிகட்டிப் பறக்கிறது, முக்கால் முகங்களோடு. பிரான்ஸில் கோடு, அங்கேதான் பக்கவாட்டு முகம் திரும்பி வருகிறது. எரிமலையில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தையும் பொம்பெயியையும் தோண்டத் தொடங்கிய காலம், பழைய ரோமானியம் எல்லாம் மறுபடியும் புதுசு. பாரிஸில் மதாம் ஜெயோஃப்ரான் என்ற சீமாட்டி வீட்டு விருந்துக்கு வந்த எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் இளைய கொஷான் என்ற ஓவியர் வட்டத்துக்குள் பக்கவாட்டில் வரைந்தார், மற்றவர்கள் அதைத் தகட்டில் ஏற்றினார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாரிஸ் வந்ததும் அவருடைய பக்கவாட்டு முகம் சுடுமண் பதக்கமாக 1777இல் வெளிவந்து எங்கு பார்த்தாலும் கிடைத்தது. என் முகம் நிலாவின் முகம் அளவுக்குத் தெரிந்த முகமாகிவிட்டது என்று மகளுக்கு எழுதினார் மனிதர். இதற்கு நடுவே சுவிஸ் பாதிரியார் லவாட்டர் 1775 முதல் 1778 வரை நான்கு பெரிய தொகுதிகளை வெளியிட்டு, முகத்தின் வடிவத்திலிருந்து குணத்தைப் படித்துவிடலாம், அதற்குப் பக்கவாட்டு நிழலுருவம்தான் நம்பகமானது என்று பரப்பினார். இன்றைக்கு யாரும் நம்ப வேண்டிய விஷயமில்லை, ஆனால் அன்று படித்தவர்கள் நம்பினார்கள். முகத்தைப் படிக்கும் இந்த ஆர்வம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. மனித முகங்களையும் மிருக முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லெ பிரன் என்ற பிரெஞ்சு ஓவியர் முந்தைய நூற்றாண்டில் வரைந்தவற்றின் அச்சுப் படங்களை நம் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் பார்க்கலாம், இரண்டாம் சரபோஜி மன்னரின் சேகரிப்பு.

இந்தச் சூழலில்தான் வெர்சாய் அரண்மனை இசைக்குழுவில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த ழில்-லூயி கிரெத்தியான் 1780களின் நடுவில் பிசியோனோட்ரேஸ் என்ற எந்திரத்தை உருவாக்கினார். ஆளுயர மரச்சட்டம், அதன் ஒரு பக்கம் உட்காருகிறவர், பக்கவாட்டில். இயக்குபவர் ஒரு பார்வைக் குழலை முகத்தின் விளிம்போடு மெல்ல நகர்த்திக்கொண்டே போக, அதோடு இணைத்த கம்பிகளின் முனையில் இருக்கும் பென்சில் அதே வளைவைக் காகிதத்தில் ஆளின் நிஜ அளவிலேயே போட்டுவிடும். அப்புறம் பான்டோகிராஃப் என்கிற, வரைந்ததை அளவு மாற்றிப் பிரதி எடுக்கும் இன்னொரு கம்பிச் சட்டம் அந்தக் கோட்டைச் சுருக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் செப்புத் தகட்டின் மேல் இறக்கும். கோட்டைப் போடுவதில் இனி கைத்திறமை தேவையில்லை, முன்பு கிரானாக்கும் டூரரும் செய்த வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. எந்திரத்தால் தொட முடியாத இடம் ஒன்று பாக்கி: கோட்டுக்கு உள்ளே இருக்கும் கன்னம், காது, முடி, அதன் நிழல்கள். அது மனிதக் கைக்கு.

இந்தப் பங்கீட்டை மிகச் சிறப்பாகச் செய்தவர் பாரிஸில் இல்லை, அமெரிக்காவில் இருந்தார். ஷார்ல் ஃபெவ்ரே த சான்-மேமான், 1770இல் டிஜோன் நகரில் பிறந்த பிரபு குடும்பத்துப் பிள்ளை, ராணுவ அதிகாரி, பிரெஞ்சுப் புரட்சியில் எல்லாம் போய் 1793இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். பிழைப்புக்காக 1796இல் வால்தனுவி என்ற சக பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து இந்தத் தொழிலைத் தொடங்கினார்: அவர் வரைவார், இவர் தகட்டில் ஏற்றுவார். கூட்டாளி ஊர் திரும்பிய பிறகு தனியாக நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன் என்று ஊர் ஊராக எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு 1810 வரை சுற்றினார். ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35. அந்தக் காசுக்குக் கிடைப்பது: இளஞ்சிவப்புக் காகிதத்தில் நிஜ அளவுச் சுண்ணக்கட்டி ஓவியம், செப்புத் தகடு, அதிலிருந்து 12 அச்சுப் பிரதிகள். பிரதி தீர்ந்தால் தகடு கையில் இருக்கிறது, இன்னும் வேண்டியதை அடித்துக்கொள்ளலாம். பெண்களுக்கு ஏன் 10 டாலர் அதிகம் என்று கேட்டால் கொண்டை, ரிப்பன், சரிகை எல்லாம் வேலை வாங்குமே என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜார்ஜ் வாஷிங்டன், நாடாய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், அமெரிக்கத் தலைநகருக்குத் தூது வந்த ஓசேஜ் பழங்குடித் தலைவர்கள் என்று அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் பட்டியல் நீளமானது. தானே செப்புத் தகடு வெட்டுகிறவரான பால் ரெவியரும் வந்து உட்கார்ந்தார். தாமஸ் ஜெஃபர்சன் இந்த எந்திரத்தின் முன் இரண்டு தடவை உட்கார்ந்தவர், 1789இல் தூதராகப் பாரிஸில் இருந்தபோது கிரெத்தியானின் கூட்டாளி கெனெதேயிடம், பிறகு 1804இல் ஜனாதிபதியாக இருந்தபோது சான்-மேமானிடம். அவருக்கு 12 பிரதி போதவில்லை, 48 வாங்கினார், கொடுத்தது 29 டாலர் 50 சென்ட்.

சான்-மேமானின் ஒரு அச்சை லென்ஸ் வைத்துப் பார்த்தால் என்ன நடந்திருக்கிறது என்பது புரியும். வட்டம் குறுக்களவில் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவுதான். முகத்தின் விளிம்பு ஒரே சீரான கோடு, எந்திரம் இறக்கியதை அமிலம் அரித்துக் கொடுத்தது. டூரருடைய கோடு மாதிரித் தடித்து மெலிந்து மூச்சுவிடாது. அதற்கு உள்ளே போனால் உளிக்கோடுகள், அவற்றுக்கு நடுவே பொடிப்புள்ளிகள் வரிசை வரிசையாக. அந்தப் புள்ளிகள் ரூலெட் என்கிற சின்னப் பல்சக்கரத்தை உருட்டியதால் விழுந்தவை. கன்னத்தின் நிழலும் மேலங்கித் துணியின் மொத்தமும் இதனால் வந்ததுதான். தூரத்திலிருந்து பார்த்தால் மெஸ்ஸோடின்ட் மாதிரி மெத்தென்று இருக்கும், விற்பவர்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ராக்கரால் முழுத் தகட்டையும் கொத்திவிட்டுச் சுரண்டி எடுத்தால்தான் மெஸ்ஸோடின்ட் என்று பிடிவாதம் பிடித்தால் இது மெஸ்ஸோடின்ட் இல்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், 1642இல் ஃபான் சீகனிடமும் ராக்கர் கிடையாது! அது பிற்பாடு வந்தது, டச்சுக்காரர் ப்ளோட்லிங்கின் பெயரைப் பலர் சொல்வார்கள். ஃபான் சீகன் வைத்திருந்ததும் பல்சக்கரம் போன்ற கருவிகள்தான், நிழல் வேண்டிய இடத்தில் மட்டும் அதை உருட்டி, வெளிச்சத்தைத் தகட்டின் வழவழப்பாகவே விட்டுவிட்டார், அதாவது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு. முழு இருட்டிலிருந்து தொடங்கும் மெஸ்ஸோடின்ட் அதற்குப் பிந்தைய பழக்கம். ஆகவே சான்-மேமானின் வேலை ஜான் ஸ்மித்தின் மெஸ்ஸோடின்டுக்குத் தூரத்துச் சொந்தம், ஃபான் சீகனுக்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தம் என்பது என் கணக்கு. பக்கவாட்டு முகத்துக்கு நிழலும் வேண்டும் கோடும் வேண்டும் என்றால் கிடைத்த வழி இதுதான், இருட்டிலிருந்து தொடங்கினால் கோடு தொலைகிறது, கோட்டிலிருந்து தொடங்கி நிழலைப் பிறகு உருட்டிச் சேர்த்தால் இரண்டும் நிற்கின்றன.

குறை சொல்லவும் இருக்கிறது. 800க்கும் மேற்பட்ட முகங்களை அவர் தகட்டில் ஏற்றினார், வரிசையாக ஐம்பதைப் பார்த்தால் கண் அலுத்துவிடும். எல்லாரும் ஒரே விறைப்பில், ஒரே வட்டத்துக்குள், ஒரே தூரத்தில். எந்திரம் மூக்கைத் துல்லியமாகக் கொடுக்கிறது, ஆள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைக் கொடுப்பதில்லை. கிரானாக்கின் லூதரிடம் அந்த இறுகிய வாயில் ஒரு பிடிவாதம் தெரிகிறதே, அது இங்கே ஒரு சிலரிடம்தான் கிடைக்கும். விலை மலிவாக வேண்டியவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழியும் வந்துவிட்டது. பிலடெல்பியாவில் சார்ல்ஸ் வில்சன் பீலின் அருங்காட்சியகத்தில் 1802இன் கடைசியில் ஒரு எந்திரம் வைத்தார்கள், காகிதத்தில் பக்கவாட்டு உருவத்தைப் பதித்து வெட்டி எடுக்க எட்டு சென்ட். வெட்டியவர் மோசஸ் வில்லியம்ஸ், பீல் குடும்பத்தில் அடிமையாக வளர்ந்து அந்த வருஷம்தான் விடுதலை பெற்றவர், அடுத்த ஒரே வருஷத்தில் 8,000க்கும் மேல் வெட்டினார். எட்டு சென்டுக்கு முகம் கிடைக்கும்போது 25 டாலர் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? சான்-மேமான் 1814இல் பிரான்ஸுக்கே திரும்பிப் போய், 1817இலிருந்து 1852இல் இறக்கும் வரை டிஜோன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்தார். தன் அச்சுகளின் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்ததால்தான் அவை தொகுப்புகளாக இன்று வாஷிங்டனில் கிடைக்கின்றன.

கடைசியாக, இப்படி ஒரு பழைய பக்கவாட்டு அச்சு கையில் கிடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு. பத்து மடங்கு லென்ஸ் போதும், முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, மூக்குக்கு முன்னால் இருக்கும் பின்னணியை. அங்கே கோடுகள் ஊசியாக முடிந்தால் உளி வேலை, மழுங்கலாகச் சட்டென்று நின்றால் அமிலம் அரித்தது. கோடே இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பல்தடங்கள், வெளிச்சமான இடத்தில் அவை தேய்ந்து மறைந்திருந்தால் மெஸ்ஸோடின்ட். புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசை கட்டி ஓடினால் ரூலெட், கையால் வைத்ததுபோல அங்கங்கே விலகி இருந்தால் ஸ்டிப்பிள், அது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் பர்த்தலோஸி போன்றவர்கள் பிரபலமாக்கிய முறை. அப்புறம் திசையை மட்டும் நம்பிவிடாதீர்கள், தகட்டில் வெட்டியது காகிதத்தில் இடவலம் மாறித்தான் வரும். முக்கால் முகத்தில் அது வாளையும் சட்டைப் பொத்தானையும் இடம் மாற்றிப் போடும். பக்கவாட்டில், செதுக்காளர் முன்கூட்டியே திருப்பி வரைந்துகொள்ளவில்லை என்றால், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடும், ஃபெடரிகோ மாதிரி ஆளாக இருந்தால் இல்லாத கண்ணே வந்துவிடும்.